வீட்டுக்கு முன் பள்ளி: ஓசூருக்குக் குடிவரும் குடும்பங்களின் எல்லைக் கணக்கு

பெங்களூரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44-ல் வந்தால், அத்திப்பள்ளியைத் தாண்டியதும் ஜூஜூவாடி. கடைப் பலகைகளில் கன்னட எழுத்து குறைந்து தமிழ் எழுத்து கூடுகிறது. மற்றபடி பெரிய மாற்றம் எதுவும் கண்ணில் படாது. அதே செம்மண், அதே குளிர்ந்த காற்று, தெருவில் அதே தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு. ஆனால், பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இந்த எல்லைக் கோடு சாதாரணமானதல்ல. பாடப்புத்தகம், கட்டாய மொழி, பொதுத்தேர்வு, கல்லூரிக் கலந்தாய்வு என எல்லாமே இந்த இடத்தில்தான் மாறுகின்றன.

வேலை மாற்றலாகி ஓசூருக்குக் குடிவரும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் வீட்டைத் தேடுகின்றன. பள்ளியை முதலில் முடிவு செய்துவிட்டு வீட்டைத் தேடுவதே நல்லது. ஏன் என்பதற்கு இந்த ஊரே விளக்கம் தரும்.

மொபெட் முதல் செல்போன் வரை

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது ஓசூர். திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-ல் மைசூரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்து, நெடுங்காலம் சேலம் மாவட்டத்திலும் பிறகு தருமபுரி மாவட்டத்திலும் இருந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்தது. 

1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் ஊரின் முகம் மாறியது. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை, அதே ஆண்டில் டி.வி.எஸ். மொபெட், 1980-களின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரம் என வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. இப்போது அந்தப் பட்டியலில் ஏத்தர் மின்சார ஸ்கூட்டரும், ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்திருக்கின்றன. 2019-ல் ஓசூர் மாநகராட்சியானது.

கோவை, மதுரை, திருநெல்வேலியிலிருந்து மட்டுமல்ல, ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்தும் இங்கே வேலைக்கு வருகிறார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டு ஓசூரில் குடியிருப்பவர்களும் உண்டு. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு அத்திப்பள்ளி, சந்தாபுரா பக்கம் குடியிருப்பவர்களும் உண்டு. பெற்றோர் தினமும் எல்லையைக் கடப்பதில் பெரிய சிக்கல் இல்லை. பிள்ளை எந்தப் பக்கம் படிக்கிறது என்பதில்தான் யோசனை வேண்டும்.

எட்டாம் வகுப்பு என்ற மைல்கல்

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை 200-க்குக் கணக்கிட்டுக் கலந்தாய்வு நடக்கிறது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்தவர்கள் இருப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. இடையில் ஓர் ஆண்டு வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும், தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்பதற்கான சான்றிதழை வாங்கித் தர வேண்டும்.

கர்நாடகத்தில் கணக்கு வேறு. அங்கே கே.சி.இ.டி. நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும் பி.யு.சி. மதிப்பெண்ணும் சேர்ந்து பொறியியல் தரவரிசையை முடிவு செய்கின்றன. அரசு ஒதுக்கீட்டு இடம் கேட்கப் பல பிரிவுகளில் தகுதி உண்டு. அவற்றில் பலருக்கும் பொருந்தும் பிரிவின்படி, ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யு.சி. வரையிலான காலத்தில் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். பத்தாவதையோ பன்னிரண்டாவதையோ அங்கேயே முடித்திருக்கவும் வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆபத்து புரியும். ஆறாம் வகுப்பு வரை இந்தப் பக்கம், ஒன்பது வரை அந்தப் பக்கம், பிறகு மீண்டும் இந்தப் பக்கம் என்று வாடகை வீடு மாறும்போதெல்லாம் பள்ளியையும் மாற்றினால், பிள்ளை இரண்டு மாநிலக் கணக்கிலும் முழுதாகச் சேராமல் போகலாம். சொந்த மாநிலச் சான்றிதழ் இருப்பவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். மூன்றாவது மாநிலத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது பெரிய இழப்பாகும். சாதிச் சான்றிதழிலும் கவனம் தேவை. ஒரு மாநிலம் தந்த சான்றிதழைக் காட்டி வேறொரு மாநில அரசின் இட ஒதுக்கீட்டைப் பெற முடியாது. விதிகள் ஆண்டுதோறும் கலந்தாய்வுக் கையேட்டில் வெளியாகின்றன. மருத்துவத்துக்குத் தனி விதிகள். குடிபெயரும் முன்பே அந்த ஆண்டுக் கையேட்டை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

அரசுப் பள்ளி வேண்டாம் என்று யோசிக்காமல் ஒதுக்குவதும் சரியல்ல. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு, ஏழு ஆண்டுகள் கழித்துப் பலன் தரும்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் தெலுங்கு, கன்னடம், உருது வழிக் கல்வி தரும் அரசுப் பள்ளிகள் உண்டு. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் பெரும் எண்ணிக்கையில் தலைமுறைகளாக இங்கே வாழ்வதே காரணம். ஆனாலும், 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். 2006-07-ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, பத்தாம் வகுப்பை எட்டியது. மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்கான விலக்கு நீதிமன்றம் வரை போன விஷயம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் 2015-ல் கன்னட மொழி கற்றல் சட்டம் வந்தது. அங்கே எந்தப் பாடத்திட்டப் பள்ளியானாலும் கன்னடம் படிக்க வேண்டும். ஆக, பெங்களூரில் ஐந்தாவது வரை கன்னடமும் இந்தியும் படித்த பிள்ளை ஓசூருக்கு வந்தால், ஆறாம் வகுப்பில் அ, ஆ-வில் தொடங்க வேண்டியிருக்கும். வீட்டில் தமிழ் பேசினால் மட்டும் போதாது. வாசிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். மாறப்போவது தெரிந்ததுமே, கோடை விடுமுறைக்கு முன்பே தமிழ் எழுத்தைத் தொடங்கிவிட்டால் ஜூன் மாதத்தில் பிள்ளைக்கு அழுகை மிச்சம்.

எந்தச் சாலையில் வீடு?

ஓசூரில் முகவரி கேட்டால் பெரும்பாலும் சாலைப் பெயரில்தான் பதில் வரும். பாகலூர் சாலை, ராயக்கோட்டை சாலை, தளி சாலை, தேன்கனிக்கோட்டை சாலை. இவற்றுக்கு நடுவே ஊரை நெடுஞ்சாலை பிளந்துகொண்டு போகிறது. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளை மக்கள் ‘ஹட்கோ’ என்றே சொல்வார்கள். பாகலூர் ஹட்கோ, அவலப்பள்ளி ஹட்கோ போன்றவை ஒழுங்கான தெருக்களோடு திட்டமிட்டு உருவானவை. மூக்கண்டப்பள்ளி, பேடரப்பள்ளி, ஜூஜூவாடி பக்கம் சிப்காட்டுக்கு அருகில். வேலைக்கு நடந்தே போகலாம், ஆனால் கனரக லாரிகளும் ஷிப்ட் பேருந்துகளும் எந்நேரமும் ஓடும். தெற்கே மத்திகிரி சற்று அமைதியானது. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த டைட்டன் டவுன்ஷிப் அந்தப் பக்கம்தான்.

வரைபடத்தில் நான்கு கிலோமீட்டர் என்பது பெரிய தூரமில்லை. நெடுஞ்சாலையைக் கடந்து போகும் நான்கு கிலோமீட்டர் என்றால் கணக்கு மாறிவிடும். பெரும்பாலோர் வீடு பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எல்லா வீடும் பள்ளிக்குப் பக்கம்தான். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, பார்த்த வீட்டிலிருந்து பள்ளி வாசல் வரை ஒருமுறை போய்ப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பள்ளிப் பேருந்து ஏறும் இடமும், அது நெடுஞ்சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் முக்கியம். பெற்றோர் இருவருமே ஷிப்ட் வேலை என்றால், மாலையில் பிள்ளையை யார் கூட்டி வருவது என்பதற்கு வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே பதில் வேண்டும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்களுக்கு வீட்டு முகவரியே தகுதி. தமிழ்நாட்டில் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிகளுக்கே இதில் முன்னுரிமை. கட்டணம் செலுத்திச் சேர்ப்பவர்கள், அரசின் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. 2009-ல் வந்த சட்டம் அதற்காகத்தான்.

தண்ணீரைக் கேட்காமல் வீடு பிடிக்காதீர்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. நிலைத்த பற்கள் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயது வரை, ஃப்ளூரைடு மிகுந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் பற்களில் மாறாத கறை படியும். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

எனவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “தண்ணீர் வருமா?” என்பதல்ல. “குடிக்க வருவது ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா?” என்பதுதான். பள்ளியிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். ஊருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் தென்பெண்ணை நீர் வெள்ளை நுரையாகப் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி மிகையாகத் தோன்றாது. பெங்களூரின் கழிவு நீர் கலந்துவரும் ஆறு அது.

கிருஷ்ணகிரியா, ஓசூரா?

வேலை எங்கே என்பதைப் பொறுத்த பதில் இது. ஓலா ஸ்கூட்டர் ஆலை இருக்கும் போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் வேலை என்றால் ஓசூரில் குடியிருப்பது வீண் அலைச்சல். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்து 50 கிலோமீட்டர். வெயில் சற்றுக் கூடுதல், மாம்பழம் தாராளம், அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. சென்னைக்கும் பெங்களூருக்கும் சேலத்துக்கும் நெடுஞ்சாலைகள் பிரியும் இடம். ஆனால், ரயில் நிலையம் கிடையாது. ஓசூரில் பெங்களூரு - சேலம் ரயில் பாதை இருக்கிறது. 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை வந்துவிட்டதால், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஓசூர் இன்னும் வசதி.

எல்லைக்கு அந்தப் பக்கப் பள்ளியில் சேர்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பேருந்துகள் எல்லையிலேயே நின்றன. மக்கள் மூட்டை முடிச்சோடு நடந்து கடந்தார்கள். 2020 ஊரடங்கில் எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. பெரியவர்கள் சமாளிப்பார்கள். ஏழு வயதுப் பிள்ளை பள்ளியிலும் அம்மா எல்லைக்கு இந்தப் பக்கமும் இருக்கும் ஒரு பிற்பகலை நினைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

படிப்புக்காக இடம் மாறுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1878-ல் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிக்கு ஐந்து வயதானபோது, குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர்ந்தது. இங்குள்ள பள்ளியில் படித்தவர், பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்தப் பள்ளிதான் இன்றைய ஆர்.வி. அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. அந்நாளில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே கலந்தாய்வு விதிகள் இல்லை.

இன்றைய பெற்றோருக்கு, பிள்ளை படிக்கும் வகுப்பே வழிகாட்டி. ஐந்தாம் வகுப்புக்குள் என்றால் எந்தப் பக்கமும் பழகிக்கொள்ளும்; தண்ணீரையும் தூரத்தையும் பார்த்தால் போதும். ஆறு, ஏழாம் வகுப்பு என்றால் எந்த மாநிலத்தில் கல்லூரி என்பதை இப்போதே பேசி, பன்னிரண்டு வரை பள்ளியை மாற்றாமல் இருக்க முடிகிற இடத்தில் வீடு பிடிக்க வேண்டும். ஒன்பதுக்கு மேல் என்றால் சில குடும்பங்கள் அப்பாவை மட்டும் ஓசூரில் தனி அறையில் விட்டு, அம்மாவும் பிள்ளைகளும் சொந்த ஊரிலேயே இருந்து பொதுத்தேர்வை முடிக்கின்றன. இரண்டு சமையல், இரண்டு வாடகை, சனிக்கிழமை இரவுப் பேருந்து என்று அதற்கும் விலை உண்டு. எந்த விலையைக் கொடுப்பது என்பதை, மாற்றல் உத்தரவு வந்த அன்றே பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசிவிடுவது நல்லது. பள்ளி மாறப்போவது அந்தப் பிள்ளைதானே!