சம்மனசுகளும் வானதூதர்களும்

எங்கள் குடும்பத்தில் கடவுளுக்கு மூன்று பெயர்கள் உண்டு. அப்பத்தாவுக்கு அவர் சர்வேசுரன். அம்மாவுக்கு ஆண்டவர். கல்லூரியில் பயிலும் மகளுக்கு, ஆங்கிலத்தில் செபிக்கும்போது, 'லார்ட்'. விசுவாசம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது என்று மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். கைமாறுவது எது என்ற ஐயம், தமிழ் கற்பித்துப் பிழைக்கும் எங்களுக்கு நெடுநாளாக உண்டு.

எங்கள் முன்னோர் கருமத்தம்பட்டியைச் சார்ந்தவர்கள். கோவையிலிருந்து அவினாசிக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர். அங்குள்ள செபமாலை மாதா கோவில் கொங்கு நாட்டுக் கத்தோலிக்கருக்குத் தாய்க்கோவில் போன்றது. 2019இல் பசிலிக்கா என்னும் நிலையைப் பெற்றது. கொங்கு மண்ணுக்கும் இந்தச் சமயத்துக்கும் உள்ள உறவு பழையது. தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நொபிலி 1623ஆம் ஆண்டிலேயே சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்துவிட்டார். ஆனால் சாமியார்கள் வருவதும் போவதுமாகத்தான் இருந்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் வேதத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களும் எழுத்தறியாத கிழவிகளுமே.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞானோபதேசம் முழுவதையும் காதால் கேட்டு மனனம் செய்தவர். அந்தி சாய்ந்ததும் விளக்கேற்றி முழந்தாளிட்டு அவர் சொல்லத் தொடங்கினால், இடையில் மூச்சு வாங்குவது எங்கே என்பது கூட அவருடைய தாயார் கற்பித்தபடியே இருக்கும். முடிந்ததும் நாங்கள் வரிசையாகச் சென்று 'தோத்திரம்' சொல்வோம். நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைவார்.

அவருடைய சொற்களை நினைத்தால் இன்றும் வியப்புத்தான். வானதூதர் அவருக்குச் சம்மனசு. புனிதர் அர்ச்சியசிஷ்டர். தூய ஆவியார் இஸ்பிரீத்து சாந்து. இது போர்ச்சுக்கீசியம் என்று அவரிடம் சொன்னவர் எவருமில்லை. சாந்து என்றால் அவருக்கு நெற்றியில் இடும் சாந்துதான். சிலுவை அடையாளத்தில் கை முதலில் நெற்றியைத் தொடுவதற்கு அதுவே காரணம் என்று உறுதியாக நம்பினார். இதைவிட அழகான சொற்பொருள் விளக்கத்தை எந்த உரையாசிரியரிடமும் நாங்கள் கண்டதில்லை.

1578இல் கொல்லத்தில் அச்சான முதல் தமிழ் நூலுக்குத் 'தம்பிரான் வணக்கம்' என்று பெயர். அன்று கடவுள் தம்பிரான். பின்னர் சர்வேசுரன் ஆனார். பப்ரிசியுஸ் பராபரன் என்றார். சீர்திருத்தத் திருச்சபையார் தேவன் என்றார்கள். 1995இல் இரு சபையாரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் கடவுள் என்று நிலைபெற்றது. வகுப்பறையில் வடசொல் பற்றிப் பாடம் நடத்தும்போது இந்த வரிசையை எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. மாணவர்கள் அர்ச்சியசிஷ்டரைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு பூசை இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. செபங்களின் தமிழும் படிப்படியாக மாறியது. நல்ல மாற்றம் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. பொருள் புரிந்து செபித்த முதல் தலைமுறை எங்களுடையதுதான். ஆனால் பள்ளியில் கற்ற புதிய செபத்தை அப்பத்தாவின் முன் ஒப்பித்த நாள் மறக்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "அது நம்ம சாமிதானுங்களா கண்ணு?" என்றார். சிறுவர்களிடமும் 'ங்க' போட்டுப் பேசும் கொங்குக் கிழவி. கேள்வியில் கேலி இல்லை, மெய்யான கவலை இருந்தது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), பப்ரிசியுஸின் விவிலியத்தை ரேனியஸ் திருத்தியபோது கடுமையாக எதிர்த்தார் என்று படிக்கும்போதெல்லாம் அப்பத்தாவின் முகம் நினைவுக்கு வரும். புலவரின் வாதம் வேறு. அடியில் இருந்த அச்சம் ஒன்றாகவே இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

அவருடைய இறுதி நாளில் இளம் குருவானவர் ஒருவர் வந்து, அவஸ்தைக்காரருக்குரிய செபங்களைத் தெளிவான தமிழில் சொன்னார். அப்பத்தாவிடம் அசைவில்லை. அவர் சென்றபின் அம்மா அருகில் அமர்ந்து, தம் சிறுவயதில் கற்ற பழைய மந்திரங்களைத் தாழ்ந்த குரலில் தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்தில் அப்பத்தாவின் உதடுகள் அசைந்தன. இறுதி வரை உடன் சொன்னார்.

இரண்டு தமிழும் தெரிந்தவர் எங்கள் வீட்டில் இப்போது அம்மா ஒருவரே. எங்களுக்குப் புதியது மட்டும் மனப்பாடம். பழையதைக் கேட்டால் அடையாளம் தெரியும், தனியே சொல்ல வராது. மகளுக்கோ பேச்சுத் தமிழ் சரளம், எழுத்துத் தமிழ் தடுமாற்றம். ஞாயிறு திருப்பலிக்குச் செல்கிறாள். பாடல்களைக் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு பாடுகிறாள். தமிழாசிரியர் வீட்டில் இப்படியா என்று உறவினர் கேட்கத்தான் செய்கிறார்கள்.

சென்ற நவம்பரில், இறந்தோர் நினைவு நாளன்று, அம்மா உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கான பழைய செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மெதுவாச் சொல்லுங்க அம்மத்தா, எழுதிக்கறேன்" என்றாள். ரகரத்துக்கும் றகரத்துக்கும் ஒரே ஆங்கில எழுத்து. ழகரம் கேட்கவே வேண்டாம். திருத்த வாயெடுத்தோம். அம்மா கையை உயர்த்தித் தடுத்தார். அன்று பாதிவரை முடிந்தது. மீதியைச் சனிக்கிழமைகளில் சொல்கிறார். சம்மனசுகள் வரும் இடம் இன்னும் வரவில்லை.