ஜாக்கி புல்லியும் அமெரிக்கப் புல்லும்!

அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாசம் தங்கப் போகும் அப்பாக்களை இரண்டு ரகமாகப் பிரிக்கலாம். முதல் ரகம், ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற கார்களை எண்ணுபவர்கள். இரண்டாவது ரகம், வீட்டில் எது ரிப்பேராகும் என்று கையைப் பிசைந்துகொண்டு காத்திருப்பவர்கள். அடியேன் இரண்டாவது. கோயமுத்தூர் நூல் மில் ஒன்றில் 34 வருஷம் ஸ்பின்னிங் ஃபிட்டராகக் குப்பை கொட்டியவன். மகன் வீட்டிலோ எல்லாம் புதுசு. ஒரு குழாய் கூட ஒழுகவில்லை. இதெல்லாம் ஒரு வீடா!

ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். மே மாசம். அங்கே மே மாசத்தில் புல் வளர்வதைப் பார்த்தால் நம்ம ஊர் தங்கம் விலை ஞாபகம் வரும். காலையில் பார்த்த உயரம் சாயங்காலம் இருக்காது. பல ஊர்களில் இதற்குச் சட்டமே வைத்திருக்கிறார்கள். புல் 8 அங்குலம், 10 அங்குலம் என்று ஏதோ ஒரு அளவைத் தாண்டினால் முனிசிபாலிடி நோட்டீஸ் வரும். அப்புறமும் வெட்டாவிட்டால் அவர்களே ஆளை விட்டு வெட்டி, பில்லை நம் தலையில் கட்டிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 84 வயசு. மனைவி காலமாகிவிட்டார். தனி ஆள். சுற்றி ஒரு ஏக்கர் புல். அதை வெட்ட 30 வருஷப் பழைய டிராக்டர் ஒன்று வைத்திருந்தார். நம்ம வயல் டிராக்டருக்குப் பேரன் சைஸ். வயிற்றுக்குக் கீழே 42 அங்குல அகலத்தில் கவிழ்த்துப் போட்ட தாம்பாளம் மாதிரி ஒன்று. அதற்கு டெக் என்று பெயர். உள்ளே இரண்டு கத்திகள். எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் வந்து கத்திகளைச் சுழற்றும்.

ஒரு நாள் காலை அவர் வண்டியை எடுத்தார். லேசான புல்லில் ஒழுங்காகத்தான் போனது. அடர்த்தியான இடம் வந்ததும் 'கீ...ச்' என்று ஒரு சத்தம். பின்னால் பார்த்தால், பாதி ஷேவிங்கில் எழுந்து ஓடிய ஆசாமி முகம் மாதிரி திட்டுத் திட்டாகப் புல். காற்றில் ரப்பர் கருகும் வாசனை வேறு. மல்லிகைப்பூ வாசனைக்கு மயங்குகிறவர்கள் உண்டு. எனக்கு பெல்ட் கருகும் வாசனை! எழுந்தே விட்டேன்.

மகன் தடுத்தான். "அப்பா, அடுத்த வீட்டு மெஷின்ல கை வெச்சிடாதீங்க. ஏதாவது ஆச்சுன்னா கேஸ் போட்டுடுவாங்க!"

"ஏனுங்க, மெஷினைப் பார்த்தா உங்களுக்கு வீடு வாசல் ஞாபகமே இருக்காதா?" இது என் சம்சாரம்.

ஆனால் மகனே இன்னொரு விஷயமும் சொன்னான். பெரியவர் அந்த சீஸனில் இரண்டு புது பெல்ட் போட்டுவிட்டார். இரண்டும் போச்சு. வெளியூரில் இருக்கும் அவருடைய மகள் கறாராகச் சொல்லிவிட்டாளாம்: 'இந்த வண்டி நின்னா வேற வாங்க வேண்டாம்ப்பா. வீட்டை வித்துட்டு முதியோர் இல்லத்துக்கு வந்துடுங்க.' ஞாயிற்றுக்கிழமை அதைப் பேசத்தான் வருகிறாளாம். அன்றைக்கு வியாழன்.

அதற்கப்புறமும் உட்கார்ந்திருக்க முடியுமா?

என் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் வேறு வேறு பாஷை. நாலு நிமிஷம் இருவரும் பலமாகத் தலையாட்டினோம். பிறகு அவர் டெக்கில் கத்தி மாட்டியிருந்த தண்டைத் தொட்டு, "ஸ்பிண்டில்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஸ்பிண்டில்! 34 வருஷம் நான் கட்டி மாரடித்த சாமான் அல்லவா அது!

மில்லில் ரிங் ஃப்ரேம் என்று ஒரு மெஷின். நாலு ஸ்பிண்டிலுக்கு ஒரு டேப் ஓடும். டேப் தொய்யாமல் இழுத்துப் பிடிக்க ஒரு குட்டிச் சக்கரம். அதுதான் ஜாக்கி புல்லி. டேப் தளர்ந்தால் ஸ்பிண்டில் வேகம் குறையும், நூலில் முறுக்கு இறங்கும், நூல் அறும். இங்கே நூலுக்குப் பதில் புல். அது அறுந்தால் திட்டு விழும், இது அறாவிட்டால் திட்டு விழும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் வேலையாகச் சாவியை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட்டேன். அந்தக் கத்தி முனை நிமிஷத்துக்கு 19,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்காவில் தரவிதி இருக்கிறது. கணக்குப் போட்டால் மணிக்குக் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர்! கை வைக்கிற இடத்தில் மரியாதை வேண்டும்.

பெல்ட்டைக் கழற்றினோம். இரண்டு கத்தியையும் கையால் சுற்றினேன். தடங்கல் இல்லாமல் சுற்றின. ஆக, பேரிங் குற்றவாளி இல்லை. எஞ்சின் ஆயில் ஒழுகி பெல்ட்டில் பட்டிருக்கிறதா? இல்லை. புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்று இருக்கிறதா? அதுவும் இல்லை.

இது ஏன் முக்கியம் தெரியுமா? 'வி' பெல்ட் என்பது ஓர் ஆப்பு. பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரையும் கவ்வித்தான் அது இழுக்கும். அடியைத் தொடவே கூடாது. பெல்ட்டோ புல்லியோ தேய்ந்து, பெல்ட் அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் கவ்வ ஆளில்லை. சறுக்கும். அப்போது பள்ளத்தின் அடி கண்ணாடி மாதிரி மின்னும்.

இங்கே பெல்ட்டின் பக்கங்கள்தான் மின்னின. அதாவது, பெல்ட் சரியாக உட்கார்ந்தும் சறுக்கியிருக்கிறது. இழுத்துப் பிடிக்க வேண்டியவன் பிடிக்கவில்லை. யார் அவன்? நம்ம ஜாக்கி புல்லி!

லீவரைப் போட்டுப் பார்த்தேன். ஸ்பிரிங் ஜோராக இழுத்தது. ஆனால் ஜாக்கி புல்லியைத் தாங்கும் கை பாதி தூரம் வந்து, கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட மாமா மாதிரி அங்கேயே நின்றுவிட்டது. அது சுழலும் போல்ட்டில் 30 வருஷப் பனியும் புல் சாறும் சேர்ந்து துரு. புது பெல்ட் போட்ட புதிதில் அந்தப் பாதி இழுப்பே போதும். பெல்ட் கொஞ்சம் நீண்டதும் கை பின்தொடர வேண்டும் அல்லவா? அது நகராது. பெல்ட் சறுக்கும், சூடாகும், மழுங்கும். பெல்ட் மேல் குற்றமே இல்லை. இரண்டு நிரபராதிகளைத் தூக்கில் போட்டிருக்கிறார் பெரியவர்!

துரு இளக்கும் எண்ணெயை விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தோம். மறுநாள் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் வைத்தேன். ஒரு விரலால் தள்ளினால் கை ஓடியது. மழுங்கிய பெல்ட்டைத் திரும்பப் போடவில்லை, மழுங்கினது மழுங்கினதுதான். அவர் முன்பு வாங்கியது கார் சாமான் கடை பெல்ட். நீளமும் அகலமும் சரிதான். ஆனால் இந்த வேலைக்கென்றே, உள்ளே கெவ்லார் நாரும் மேலே துணி உறையுமாக ஒரு ரகம் வருகிறது. லீவரைப் போட்டு எடுத்துப் போட்டு எடுத்துப் படும் பாட்டை அது தாங்கும். மகன்தான் காரில் போய் வாங்கி வந்தான். கேஸ் பயம் போயே போச்சு!

சனிக்கிழமை பெரியவர் வெட்டினார். புல் ஒரு அடி வளர்ந்திருந்தது. ஒரே தடவையில் ஒட்ட வெட்டினால் புல்லுக்கும் கேடு, பெல்ட்டுக்கும் கேடு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பார்கள். டெக்கை உயர்த்தி வைத்து ஒரு சுற்று போனார். கீச் இல்லை, வாசனை இல்லை.

உங்கள் வீட்டு கிரைண்டர் மாவு கெட்டியானதும் முக்கி முனகினாலும் இதே விசாரணைதான். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு பெல்ட்டின் பக்கங்களைப் பாருங்கள், இழுவையைப் பாருங்கள். ரைஸ் மில் தட்டை பெல்ட்டுக்குக் குங்கிலியம் போடுகிறார்களே என்று 'வி' பெல்ட்டில் கண்டதையும் தடவாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வாசலில் நின்று புல்வெளியை ரொம்ப நேரம் பார்த்தாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் போகும்போது, 'இந்த வருஷம் இருக்கட்டும்' என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனாளாம்.

அன்றைக்குப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு டிராக்டரின் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். உட்புறம் முழுக்க எழுத்து. ஆயில் மாற்றிய தேதி, பிளக் மாற்றிய தேதி என்று 30 வருஷ ஜாதகம். சில வரிகள் வேறு கையெழுத்து. அவர் மனைவியுடையதாம். பேனாவை என் கையில் கொடுத்து, 'எழுது' என்று ஜாடை காட்டினார்.

தேதியைப் போட்டு, தமிழிலேயே எழுதினேன்: 'ஜாக்கி புல்லிக்கு வருஷா வருஷம் கிரீஸ் வைக்கவும்.'

இனி எந்த மெக்கானிக் அந்த பானெட்டைத் திறந்தாலும் மண்டையைப் பிய்த்துக்கொள்ளட்டும்!