மெட்டுப் பாதை

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு நீர் ஓடும் ஆறு என்றும் மனிதர் நடக்கும் வழி என்றும் இரு பொருள் உண்டு. ஆற்றுப்படை நூல்களைப் பாடமாகத் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் இதனை மாணவர்க்குச் சொல்லி வருகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்க்கு இதனை விளக்க அகராதி வேண்டுவதில்லை. மேற்கு மலையில் நீர் இறங்கிய இடத்தை ஒட்டியே மனிதரும் ஏறியிருக்கின்றனர். கொட்டகுடி ஆறு குரங்கணியை அடுத்து இறங்கி வருகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் வழியாகவே டாப் ஸ்டேஷனுக்கு நடைபாதை ஏறிச் செல்கிறது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீருக்கு, மலையைக் குடைந்து 1895-இல் கிழக்கு நோக்கி ஒரு வழி அமைத்தனர். ஆற்றுக்கே ஓர் ஆறு கண்ட மண் இது எனலாம்.

எங்கள் ஊர் பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர் என்றால் தமிழுலகம் அறியும். ‘மெட்டு’ என்றதும் வெளியூரார் இசையை எண்ணுவர். எங்கள் ஊராரோ மேற்கே கை காட்டுவர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு, சாக்குலூத்துமெட்டு என மலையின் மேட்டு விளிம்புகளுக்கு இங்கே மெட்டு என்றே பெயர். போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் தார்ச்சாலை வந்துவிட்டது. கோம்பையிலிருந்து ராமக்கல்மெட்டுக்கும், தேவாரத்தை அடுத்த மலையடியிலிருந்து சாக்குலூத்துமெட்டுக்கும் மக்கள் நடந்து பழகியவை ஒற்றையடிப் பாதைகளே.

அப்பாதைகளுள் ஒன்றில்தான் என் நன்னா துணிமூட்டை சுமந்தார். ஏலத்தோட்டங்களில் கூலி கொடுக்கும் வாரத்தில், சுபுஹு தொழுகை முடித்துப் புறப்பட்டால் மூன்றாம் நாள் மாலையில்தான் வீடு திரும்புவார். கைலியும் சேலையும் கடனுக்குக் கொடுத்து, அடுத்த கூலி நாளில் தண்டி வருவது அவர் வணிகம். அவர் ஒருநாளும் தனியே ஏறியதில்லை. மலையடியில் காத்திருந்து, மேலே வேலைக்குச் செல்லும் ஆட்களோடு சேர்ந்தே ஏறுவார். மாசி, பங்குனியில் புல்மேட்டைக் கடக்கும்போது பீடி பற்றவைக்க மாட்டார். பற்றவைப்பவரோடு நடக்கவும் மாட்டார். “காஞ்ச புல்லுக்கும் வெடிமருந்துக்கும் வித்தியாசம் கெடையாதுடா” என்பார். அவர் பள்ளிக்கூடம் போனவரல்லர். ஆயினும் அந்தப் பாதையின் ஊற்றுகளையும் யானை இறங்கும் இடங்களையும் பாடம் ஒப்பிப்பதுபோல் வரிசையாகச் சொல்வார்.

குரங்கணிப் பாதைக்கு இதனினும் விரிந்த வரலாறு உண்டு. மூணாறுப் பகுதித் தேயிலையைக் கீழே கொண்டுவர 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அதன் இடத்தில் சிறு இரயில் வந்தது. ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் அந்த இரயில் முடிந்த இடமே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இரயிலை அடித்துச் சென்றது. தண்டவாளம் போயிற்று; கால்நடைப் பாதை நிலைத்தது. இன்றும் இடைவழியில் ஒரு சிற்றூர் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரோடு இருக்கிறது.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், இந்த மலையில் நிகழ்ந்ததை இப்பள்ளத்தாக்கு மறக்காது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்தும் மலையேற்றத்திற்கு வந்த இரு குழுவினர் இறங்கும் வழியில் காட்டுத்தீயிற் சிக்கினர். 23 உயிர்கள் மாண்டன. அவர்களுட் பெரும்பாலோர் இளையோர். குரங்கணி ஊர்மக்களும் வனத்துறையினரும் இருட்டில் மலையேறி, காயமுற்றோரைப் போர்வைகளில் ஏந்திச் சுமந்து இறக்கினர். மறுநாள் ஹெலிகாப்டர்கள் வந்தன.

தீ மலைச்சரிவில் ஏறும் தன்மை சமவெளியில் வாழ்வோர் அறியாதது. வெப்பக்காற்று மேல்நோக்கிச் செல்வதால், தீ வந்து சேரும் முன்னரே மேலேயுள்ள புல் காய்ந்து பற்றுதற்கு ஆயத்தமாகிவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது காட்டுத்தீயை ஆய்ந்தோர் கணக்கு. மேல்நோக்கி ஓடும் மனிதனுக்கு மூச்சு வாங்கும், தீக்கு வாங்காது. எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் புல் என்பதை முன்னரே அறிந்த ஒருவர் உடனிருந்தாலன்றி அந்த நேரத்தில் வழி தேடுதல் அரிது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் அரசு மலையேற்றத்திற்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தமிழகத்தின் 14 மாவட்டங்களில் 40 மலைவழிகள், முன்பதிவும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளும் கொண்ட முறையில் திறக்கப்பட்டன. காடுகளை அடுத்து வாழும் இளைஞர்களும் பழங்குடியினரும் வழிகாட்டிகளாகத் தேர்ந்து பயிற்றுவிக்கப்பட்டனர். இச்செய்தி வந்த சில நாட்களில், வகுப்பில் சில மாணவர்கள் துறையின் சார்பில் குரங்கணிக்குச் சென்று வரலாமா என்று கேட்டனர். அப்போது பண்ணைப்புரத்து மாணவி ஒருவர் எழுந்தார். அவர் தாய் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர். விடியுமுன் ஜீப்பில் நெருக்கி அமர்ந்து மலைக்குப் போய், பொழுது சாய இறங்கும் பெண்களை எங்கள் ஊர்ச் சாலைகளில் நாள்தோறும் காணலாம்.

“ஐயா, மலையேத்தம்னா காசு குடுத்து நடக்குறதாங்கய்யா? எங்கம்மாவுக்கு நடந்தாத்தானே காசு?” என்றார் அம்மாணவி.

வகுப்பு சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. நானும் உடனே விடை கூறவில்லை. அன்று நடத்தவிருந்த பாடம் மலைபடுகடாம். அதனையே விடையாகக் கொள்ளலாம் என்று தோன்றியது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளால் ஆனது. கூத்தராற்றுப்படை என்றும் வழங்குவது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்ப்படும் கூத்தனுக்கு மலைவழியை உரைக்கின்றான். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ளன, ஆதலின் இருளில் நடவாதீர் என்கிறான். புனங்காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் வரும், மரத்தின் மறைவில் ஒதுங்குமின் என்கிறான். வழுக்கும் பாறை, பாம்பு உறையும் குழி, கொடியைப் பற்றிக் கடக்கவேண்டிய இடம் யாவும் சொல்கிறான். வழிகள் பிரியும் இடத்தைத் துடைத்து, பின்வருவோர் அறியப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறும் சொல்கிறான். வழி கேட்டவனும் சொன்னவனும் ஒரே தொழிலினர். இருவரும் வயிற்றுக்காக நடந்தவர்கள். மலையின் அழகை விரித்துப் பாடிய நூலே மலையின் ஆபத்தையும் ஒளிக்காமல் சொல்கிறது என்பது நோக்கத்தக்கது.

பாடம் முடிந்தபின் அம்மாணவியிடம் சொன்னேன்: “உங்க அம்மா நடக்கிறதும் இவங்க நடக்க ஆசைப்படுறதும் ஒரே மலைதாம்மா. ஆனா வழி தெரிஞ்சவங்க உங்க அம்மாதான். முதல்ல அவங்ககிட்டக் கேப்போம்.”

அவ்வாறே அரைப் பருவம் முழுவதும் மாணவர்கள் தத்தம் வீட்டாரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டுவந்தனர். ஊற்று, ஓடை, பாறை, திருப்பம், இளைப்பாறும் மரம் ஆகியவற்றின் பெயர்கள் இரண்டு குறிப்பேடுகளில் நிரம்பின. எந்த மாதத்தில் எந்தப் பக்கம் ஏறலாகாது என்பதைப் பெண்களே மிகுதியாகச் சொன்னார்கள். அம்மாணவியின் தாய் மட்டும் பதினேழு இடப்பெயர்களைச் சொன்னார். அவற்றுள் எதனையும் நான் அச்சில் கண்டதில்லை. தன் தாயின் பெயரைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதலாமா என்று மகள் கேட்டபோது, ஓரத்தில் வேண்டாம், தலைப்பில் எழுதுக என்றேன்.

இளையோர் மலையேற வேண்டும் என்பதே என் கருத்து. மலையைக் காணாமல் குறிஞ்சித்திணை படிப்பது கடலைக் காணாமல் நெய்தல் படிப்பதற்கு ஒப்பாகும். ஆயினும் அனுமதியும் வழிகாட்டியும் தடைகள் என்று எண்ணுதல் வேண்டா. தீக்காலத்தில் பாதையை மூடுவதும் பகைமையன்று. என் நன்னா எந்த விதியையும் படித்தவரல்லர்; எனினும் தனியே ஏறாதே, கோடையில் நெருப்பைக் கொண்டு போகாதே என்னும் இரண்டையும் வாழ்நாள் முழுதும் காத்தார். விதிகள் அந்த அறிவையே எழுத்தில் வைக்கின்றன. வழிகாட்டிக்குத் தரும் கூலியைச் செலவு என்று கருதுவோர், அவர் தலைமுறைகளாகச் சேர்த்த கல்விக்கு இன்றுதான் முதன்முறையாக விலை கொடுக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

தீ தின்ற அதே 2018-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கொழுக்குமலைப் பக்கம் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னீராண்டுக்கு ஒருமுறை பூப்பது அது. அடுத்து 2030-இல் பூக்கும். இன்று என் வகுப்பில் இருப்போர் அப்போது எங்கெங்கோ பணியில் இருப்பர். அவ்வாண்டு அவர்கள் தம் பிள்ளைகளுடன் இம்மலைக்கு வரட்டும். வழி அறிந்தவரை முன்னே விட்டு நடக்கட்டும். பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருவோர்க்காக ஒரு பிடி புல்லை முடிந்துவிட்டுச் செல்லட்டும்.