பனியில ஃபோகஸ் சிக்கலையா?

காரவல்லியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கேமராவோட கொல்லிமலை போயிருக்கீங்களா? பனி இறங்கிட்டா ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடி 'கிர்... கிர்...'னு திணறும். வெளிச்சமும் நிழலும் பிரியற விளிம்பைத் தேடித்தான் அது வேலை செய்யும். பனியில விளிம்பு ஏது?

எங்க குறும்படத்துக்கு அங்கே ஒரே ஒரு காலைதான் கையில இருந்துச்சு. காப்பாத்தினது, வளையத்தை நாமே திருப்புற மேனுவல் லென்ஸ்!

இந்த வகையில ராஜான்னா ஸைஸ் கம்பெனி 2013-ல் விட்ட ஓட்டஸ் 55 எம்.எம். கிட்டத்தட்ட ஒரு கிலோ. வந்தப்பவே சுமார் 4,000 டாலர். அவ்ளோ கொடுத்தும் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது! ஆனா வளையம் வழுவழுன்னு நிதானமா சுத்தும். கிட்டத்துல இருக்கிற மிளகுக் கொடியில இருந்து தூரத்து சில்வர் ஓக் மரத்துக்கு ஃபோகஸைப் பைய நகர்த்தலாம். வீடியோவுக்கு அதுதானே உயிர்?

அந்த விலையை வீட்டுல சொன்னா சோறு கிடைக்காது. என்னோடது சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, செகண்ட் ஹேண்ட். அடாப்டர் போட்டா மிரர்லெஸ்ல மாட்டிக்கலாம். எதிர்வெயில்ல வெளுத்துடும், ஓரம் மங்கும். பனியில அதை யார் பார்க்கப் போறாங்க? ஸ்கிரீனைப் பெரிசாக்கி, ஒரு மரப்பட்டையைப் பார்த்து வளையத்தைத் திருப்புங்க. கொஞ்சம் தாண்டி, திரும்பி வந்து நிறுத்துங்க.