விளக்கணைக்கும் பெண்

எந்தையார் மறைந்தபின் அன்னையாரைப் பெங்களூர் விவேக் நகருக்கு அழைத்து வந்தோம். கன்னடமோ இந்தியோ அறியாத அவர் பேச்சுத்துணையின்றி வாடினார். அண்டை வீட்டில் உருது பேசும் அம்மையார் ஒரு மாலை அவரை அழைத்துச் சென்று, 'ஷோலே' என்னும் இந்திப் படத்தைக் காட்டினார். 1975 ஆகஸ்டு 15-இல் வெளிவந்த படம் அது. கொள்ளைத் தலைவன் கப்பர் சிங்கின் முழக்கம் அன்னையாருக்கு விளங்கவில்லை. ஆயின், ஒரு சொல்லும் பேசாது அந்தி விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைக்கும் கைம்பெண்ணாக ஜெயா பாதுரி தோன்றியதும் கண்கலங்கினார். அவ்வம்மையாரும் கணவரை இழந்தவரே. இருவரும் கைகோத்து அமர்ந்திருக்கக் கண்டேன்.

அடுத்த ஞாயிறன்று இருவரையும், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராமநகரத்திற்கு அழைத்துச் சென்றேன். இயக்குநர் ரமேஷ் சிப்பி, ராம்கட் என்னும் கற்பனைச் சிற்றூரை இப்பாறைகளின் அடியிலேதான் எழுப்பினார். அவ்வூர் இன்றில்லை, பாறைகள் நிற்கின்றன, பாறுக் கழுகுகளுக்கு அங்கே சரணாலயமும் உண்டு. ராமதேவர் மலைப்படிகளில் அன்னையார் அம்மையாரின் தோளைப் பற்றி ஏறினார்.

திரும்பும் வழியில், "அடுத்த படம் எப்போதப்பா?" என்று வினவினார்.

அன்பர்களே, புதிய ஊரில் மொழி பிறகு வரட்டும். முதலில் அண்டை வீட்டுக் கதவு திறக்கட்டும்.