மூணு பேருக்கு ஒரு மாருதி

ஈஸ்ட் ஹாம், லண்டன்

போன மாதம் அக்கா மகன் மதுரையிலிருந்து வாட்சப்பில் ஒரு படம் அனுப்பினான். கோச்சடைப் பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளை மாருதி 800. டிஎன் 59 வண்டி. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்க, பக்கத்தில் மூன்று பையன்கள். மூவருக்கும் 21, 22 வயது. ஆளுக்கு 25,000 ரூபாய் போட்டு ஒரு கார் கன்சல்டிங்கில் எடுத்திருக்கிறார்கள். வாரத்தில் ஆளுக்கு இரண்டு நாள், ஞாயிற்றுக்கிழமை மூவரும் சேர்ந்து அழகர்கோவிலோ குற்றாலமோ.

"இன்சூரன்ஸ் இருக்காடா?"

"போட்டாச்சு மாமா. ரெண்டாயிரத்துச் சொச்சம்தான். ரொம்பச் சல்லிசு."

அந்தச் சல்லிசுதான் என்னை உறுத்தியது. அதே வாரம் நான் இங்கே என் மகளுக்காக இன்சூரன்ஸ் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு 19 வயது. 1,500 பவுண்டுக்கு ஒரு பழைய ஃபோர்டு ஃபியஸ்டா பார்த்து வைத்திருந்தோம். ஒரு வருட இன்சூரன்ஸுக்குக் கேட்ட தொகை காரின் விலையைத் தாண்டியது. இங்குள்ள கம்பெனிகள் காரையும் பார்க்கும், ஆனால் ஆளைத்தான் துருவும். வயது என்ன, லைசென்ஸ் வாங்கி எத்தனை மாதம், என்ன வேலை, ராத்திரி கார் எங்கே நிற்கும், வேறு யார் யார் ஓட்டுவார்கள் என்று பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். ஆணா பெண்ணா என்று பார்த்து விலை வைக்க மட்டும் தடை. 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு 2012 டிசம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பெண் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவாம், என் மகள் இன்னும் புலம்புகிறாள். 'பேசாம உங்க பேர்ல போட்டு, பொண்ணை ரெண்டாவது டிரைவராச் சேர்த்துடுங்க' என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். நம்மூர்ப் புத்தி ஒரு நிமிடம் சபலப்பட்டது. அதற்கு இங்கே ஃப்ரன்டிங் என்று பெயர், மோசடிக் கணக்கில் வரும்.

மதுரையில் பையன்களிடம் யாரும் வயதைக் கேட்கவே இல்லை. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 1000 சிசி வரையுள்ள காருக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய், வரி தனி. நாற்பது வருடம் ஓட்டிய ரிட்டயர்டு வாத்தியாருக்கும் அதே விலை, நேற்று எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவனுக்கும் அதே விலை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அப்புறம் பாலிசியை அனுப்பச் சொல்லிப் படித்தேன்.

கோரிப்பாளையத்தில் ரோட்டைக் கடக்கும் பெரியவர் மீது கார் இடித்துவிட்டால் அவருக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்துவது இதைத்தான். கார் நசுங்கினால் ஒன்றும் கிடைக்காது. அது பையன்களுக்கும் தெரியும். 75,000 ரூபாய் வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் எதற்கு என்பது அவர்கள் கணக்கு, சரியான கணக்கும்தான். ஆனால் கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி, தப்பு இவர்கள் பக்கமாகவே இருந்து, கார் லாரிக்குப் பின்னால் செருகிக்கொண்டால்? ஸ்டீயரிங் பிடித்தவன் தேர்ட் பார்ட்டி ஆகமாட்டான். வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவன் ஓனரின் இடத்தில் நிற்கிறவன், ஓனருடைய இன்சூரன்ஸிடம் மூன்றாம் ஆளாக வந்து கேட்க முடியாது என்று 2020 ஜனவரியில் ராம்கிலாடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த வகைப் பாலிசியில் கூட உட்கார்ந்து வருகிறவனுக்கும் அதே கதிதான்.

2021இல் 'பம்பர் டு பம்பர்' என்று டீக்கடைவரை பேசினார்களே, அது இதில் கிளம்பியதுதான். விபத்தில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு ஈரோட்டில் 14 லட்சத்துக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பாலிசி வெறும் தேர்ட் பார்ட்டி என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கூடவே, இனி புது வண்டிகளுக்கு ஓட்டுபவர், பயணிகள், ஓனர் எல்லோருக்கும் சேர்த்து ஐந்து வருடம் முழு இன்சூரன்ஸ் கட்டாயம் என்றும் நீதிபதி எஸ்.வைத்தியநாதன் உத்தரவிட்டார். அது நடைமுறைக்கு ஒத்துவராது என்றார்கள். அடுத்த மாதமே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

ஓனரே ஓட்டினால் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. காருக்கு 2 லட்சமாக இருந்ததை 2018இல் உயர்த்தினார்கள். ஆனால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும், அவரிடம் லைசென்ஸ் இருந்தால் மட்டும்.

"ஆர்.சி. யார் பேர்ல இருக்கு மாப்ளே?"

"பழைய ஓனர் பேர்லதான் மாமா. 29, 30 ஃபாரத்துல கையெழுத்து வாங்கி வச்சிருக்கோம். பேர் மாத்தினா செலவு."

ஆக, அந்த 15 லட்சம் மூன்று பேரில் ஒருவனுக்கும் இல்லை. 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், அடுத்தடுத்துக் கைமாறிய வண்டிக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்றது. இவர்களுக்கு வண்டியைக் கொடுத்த பெரியவர் திருமங்கலத்தில் இதெல்லாம் தெரியாமல் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

முகூர்த்த நாளில் வாடகைக்கு விட்டால் பெட்ரோல் காசு வரும் என்று வேறு ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். அதற்கு மட்டும் நான் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன். சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியில் வாடகை ஓட்டக்கூடாது.

முதலில் ஒருவன் பெயருக்கு ஆர்.சி.யை மாற்றுங்கள், 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்கள் என்றேன். காரை நம்பாமல் மூவரும் தனித்தனியாக விபத்துக் காப்பீடு எடுக்கட்டும். 2021 ஏப்ரலிலிருந்து சரல் சுரக்ஷா பீமா என்ற பொதுவான பாலிசி இருக்கிறது, 2.5 லட்சம் முதல் 1 கோடி வரை. அது ஆளுக்கான பாலிசி, எந்த வண்டியில் போனாலும் கூடவே வரும்.

நேற்று பதில் வந்தது. யார் பெயரில் மாற்றுவது என்று மூன்று பேருக்கும் சண்டையாம். கார் இன்னும் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. சாவி அக்காவின் அஞ்சறைப் பெட்டியில்.