அம்மாவின் முகப்பரு

“ரீச்சர், உங்களுக்கு நுளம்பு கடிச்சிட்டுதா?” என்று ஒரு நாலு வயதுப் பெடியன் அம்மாவின் நாடியைத் தொட்டுப் பார்த்துக் கேட்டிருக்கிறான். அம்மா முன்பள்ளி ரீச்சர். போனில் இதைச் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னா. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கிழமை முழுக்க முந்தானையால் நாடியை மறைத்துக்கொண்டுதான் அவ படிப்பித்தவ என்பது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் அம்மா சொல்லி இல்லை, அவவோடு படிப்பிக்கிற மற்ற ரீச்சர் சொல்லி.

அப்போது அம்மாவுக்கு 45 வயது. தாடையோரம், நாடி, காதுக்குக் கீழே கழுத்துப் பக்கம் என்று வந்துகொண்டே இருந்தது. எனக்கு வந்த மாதிரி வெள்ளை முனை வைத்து இரண்டு நாளில் உடைகிற பரு இல்லை. தோலுக்கு அடியில் கடலை அளவில் உருண்டு நிற்கும். தொட்டால் நோகும். பத்துப் பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போகும்போது ஒரு கறுப்பு அடையாளத்தை விட்டுவிட்டுப் போகும். அந்தப் பக்கம் சரிந்து படுக்க ஏலாது என்பா.

நான் ஓ.எல். படிக்கும்போது என் நெற்றி நிறையப் பரு. அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிவிட்டு, “வயசுக் கோளாறு பிள்ளை, கலியாணம் கட்டினாத் தன்பாட்டில போயிடும்” என்று சொல்லுவா. இதை எங்கள் ஊரில் எல்லா அம்மாமாரும் சொல்லியிருப்பினம். உங்கட அம்மாவும் சொல்லியிருப்பா. ஆனால் என் அம்மா கலியாணம் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, அப்பாவையும் பறிகொடுத்து ஐந்து வருசத்துக்குப் பிறகு அவவுக்கே அது வந்தது. அந்த வயதுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு பழமொழியும் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் போர்டிங்கிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, கறிக்குத் தேங்காய் திருவிக்கொண்டே கேட்டா: “உங்கட கம்பஸ் பக்கம் நல்ல தோல் டொக்டர் ஆரும் இருக்கினமோ?”

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இந்த வயசில உது என்னத்துக்கம்மா?”

“சும்மா கேட்டனான்” என்றுவிட்டுத் திருவலையில் குனிந்துவிட்டா.

கலைப்பீடத்தில் பால்நிலை பற்றி அசைன்மென்ட் எழுதி நல்ல மார்க்ஸ் எடுத்தவள் நான். அடுத்த நாள் பெரியம்மா வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “அவரும் இல்லை, இனி ஆருக்குக் காட்ட உதைப் பூசித் திரியிறாய்?” என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. பெரியம்மாவோடு சண்டையும் பிடித்தேன். நான் கேட்டதும் அதே கேள்விதான் என்று உறைக்க இன்னும் கொஞ்ச நாள் எடுத்தது.

பெரியம்மா “பூசித் திரியிறாய்” என்று சொன்னதில் ஒரு விசயம் இருந்தது. அம்மா களவாக ஒரு கிறீம் பூசிக்கொண்டிருந்தா. சின்ன வெள்ளை டப்பா. மேலே ஒரு பெண்ணின் படம். உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த மொழியிலும் எழுதியிருக்கவில்லை. பூசி ஒரு கிழமையில் முகம் பளபளத்ததாம், பருவும் வற்றிப் போனதாம். இரண்டு மாதத்தில் முன்னரைவிட இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. பூசாமல் விட்டால் முகம் சிவந்து எரியும், ஆகவே திரும்பவும் பூசுவா. டொக்டர் பிறகு அந்த டப்பாவைப் பிரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஸ்டீரோய்ட் இருக்கும் என்றா. ஸ்டீரோய்ட் முதலில் வீக்கத்தைச் சட்டென்று அடக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, அதுவே பருவைக் கொண்டுவரும். அம்மாவின் கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி ஓடிய நரம்புகள் அதனால்தான். அந்த டப்பாவை அம்மா வாங்கியது நான் “என்னத்துக்கம்மா” என்று கேட்டதற்கு அடுத்த கிழமை. அதை நான் கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அம்மா சொல்லவில்லை.

அரச ஆஸ்பத்திரி ஒன்றின் தோல் கிளினிக்குக்குப் போனோம். விடிய ஆறு மணிக்கு நம்பர் எடுத்து, பத்தரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். வரிசையில் சொரியாசிஸ்காரர், தேமல்காரர், அழுகிற குழந்தைகள். அம்மா என் காதுக்குள், “இவையளுக்கெல்லாம் உண்மையான வருத்தம். நான் ஏன் வந்தனான்?” என்றா. எழும்பிப் போகவும் பார்த்தா.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். “எங்க நோகுது”, “எத்தன நாள்” வரைக்கும் அவவின் தமிழ் வந்தது. மிச்சத்தை ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டு நான் அம்மாவுக்குச் சொன்னேன். முதல் தடவை அந்தக் கிறீமை நிற்பாட்டச் சொல்லி, டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக்கும் பென்சோயில் பெரொக்சைட் ஜெல்லும் தந்தா. குளிசையை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கக் கூடாது, வெயிலில் கவனம். அம்மா சைக்கிளில் முன்பள்ளிக்குப் போகிறவ. யாழ்ப்பாணத்து வெயிலில் எங்கே கவனமாக இருப்பது? குடை பிடித்துக்கொண்டு நடந்து போகத் தொடங்கினா. ஜெல் தன் வேலையைத் தலையணை உறையில்தான் முதலில் காட்டியது. நாவல் நிற உறை திட்டுத் திட்டாக வெளிறிப் போனது. அந்த ஜெல் துணிக்குச் சாயம் போக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா சோப்பை மாற்றிப் பார்த்தா, கிணற்றுத் தண்ணீரையும் சந்தேகப்பட்டா.

மூன்று மாதத்தில் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. அன்டிபயோட்டிக்கை அதற்கு மேல் இழுக்கக் கூடாது என்று டொக்டர் நிற்பாட்டினா. பிறகு ஒரு கடதாசியில் படம் கீறிக் காட்டினா. தோலுக்குள் எண்ணெய் சுரக்கிற ஒரு சின்னப் பை. அதில் ஒரு பூட்டு. அன்ட்ரஜன் என்ற ஹோர்மோன் வந்து அந்தப் பூட்டைத் திறந்தால் எண்ணெய் கூடும்.

நான் “ஆண் ஹோர்மோன்” என்று மொழிபெயர்த்ததும் அம்மா திடுக்கிட்டுப் போனா. “எனக்கோ?”

எல்லாப் பெண்களுக்கும் அது கொஞ்சம் இருக்கிறது. சூலகத்திலும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பியிலும் ஊறுகிறது. மாதவிடாய் நிற்கப் போகிற வருசங்களில் ஈஸ்ட்ரஜன் ஏறி இறங்கிக் குறைந்துகொண்டு போக, அன்ட்ரஜனின் கை ஓங்கும். இரத்தத்தில் அளந்தால் அளவு சரியாகவே காட்டலாம், ஆனாலும் தோல் அதை உணர்ந்துவிடும். தாடையோரம் வருவதும், பீரியட்ஸுக்கு முதல் கிழமை கூடுவதும் அதன் அடையாளங்கள். எங்கள் ஊரில் மெனோபோஸ் என்றால் ‘நின்றுபோகிறது’ என்று மட்டும்தான் கதைப்பார்கள். நிற்பதற்கு முதல் பத்து வருசம் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவரும் கதைப்பதில்லை.

பூட்டுக்குள் போய் அடைத்துக்கொண்டு, அன்ட்ரஜனை உள்ளே விடாத ஒரு குளிசை இருக்கிறது என்று சொல்லி, டொக்டர் என் பக்கம் திரும்பினா. அம்மாவிடம் ஒன்று கேட்கச் சொன்னா. கர்ப்பமாகிற சாத்தியம் ஏதும் இருக்கிறதா?

எனக்கு வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் அது சாதாரணக் கேள்வி. தமிழில், என் அம்மாவிடம், நான் கேட்க வேண்டும். “அம்மா... பிள்ளை கிள்ளை தங்கிறதுக்கு...” என்று இழுத்தேன்.

அம்மா கிளினிக் கொப்பியின் மட்டையைப் பார்த்தபடி சொன்னா: “அவர் போய் ஆறு வருசம் எண்டு சொல்லு.”

சொன்னேன். டொக்டர் தன் தமிழில், “எல்லார்கிட்டயும் கேக்கணும், அம்மா” என்றா. வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளையாக இருந்தால் அதன் வளர்ச்சியை இந்த மருந்து பாதிக்கலாம், அதுதான் காரணம். வெளியே வந்து வாங்கில் இருந்தபோது அம்மா சொன்னது: “அவ கேட்டது சரிதான். நீ ஏன் அப்பிடி முழிச்சனி?”

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானதாக இருந்தது: வேறு ஏதும் மருந்து எடுக்கிறாவா? அம்மா இல்லை என்று தலையாட்டினா. எனக்குப் பிரஷர் குளிசை நினைவு வந்தது. அது வேறு கிளினிக், வேறு கொப்பி. ஆகவே அம்மாவின் கணக்கில் அது வேறு அம்மா. லொசாட்டன். அதைக் கேட்டதும் டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டா. இரண்டும் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கிற மருந்துகள். சேர்ந்தால் அளவுக்கு மீறிக் கூடலாம், அது இதயத் துடிப்பையே குழப்பும். பிரஷர் குளிசையை மாற்றச் சொல்லி மற்றக் கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதினா. பொட்டாசியமும் கிரியற்றினினும் பார்க்க இரத்தம் எடுக்கச் சொன்னா. எல்லாம் சரிவந்த பிறகுதான் 25 மில்லிகிராமில் தொடங்கினா, பிறகு 50. இளநீரைக் குறைக்கவும் சொன்னா, அதில் பொட்டாசியம் நிறைய. இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், என் பட்ச் பிள்ளைகள் இரண்டு பேர் இந்தக் குளிசையின் பெயரை என்னிடம் கேட்டுப் பாமசியில் வாங்கப் பார்த்ததுதான். வாங்காதேங்கோ. டொக்டரிடம் போங்கோ.

பெயர் ஸ்பைரோனோலக்டோன். துண்டைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டா. “இது அப்பாவின்ர குளிசை எல்லோ?”

அம்மப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் இருதயம் பலவீனமாகிக் கால் வீங்கும். இரவில் எழும்பி எழும்பிப் போகாமல் இருக்க அம்மா விடியக் காலையிலேயே கொடுக்கிற நீர்க் குளிசை இதுதான். இது அதற்குத்தான் வந்த மருந்து, பருவுக்கு என்று வந்தது இல்லை. நீண்ட நாள் எடுக்கிற ஆண்கள் சிலருக்கு மார்பு வீங்கி நோகும், ஏனென்றால் அது அன்ட்ரஜனைத் தடுக்கிறது. அந்தப் பக்கவிளைவும் அம்மாவின் பருவைப் போக்குவதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள்தான். இதை வாசித்து அம்மாவுக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. “அப்பா கடைசி வருசம் சேட்டைக் கழட்டாமத்தான் கிணத்தடியில குளிச்சவர். குளிருது எண்டு சொன்னவர். நான் நம்பினனான்.”

ஆஸ்பத்திரியில் அன்று அந்தக் குளிசை இருக்கவில்லை, வெளியே வாங்கினோம். பாமசிக்காரர் துண்டைப் பார்த்துவிட்டு, “ஆருக்கு அக்கா, இருதய வருத்தமோ?” என்று கேட்டார். அம்மா, “ஓம், எனக்குத்தான்” என்றா. அவர் முகம் இளகிப் போனது. வெந்நீரில் விழுங்குங்கோ, பாரம் தூக்காதேங்கோ என்று புத்திமதி எல்லாம் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது, ஏனம்மா பொய் சொன்னீங்கள் என்று கேட்டேன்.

“இருதய வருத்தம் எண்டாச் சனம் பாவம் எண்டு சொல்லும். பரு எண்டா ஆருக்கு எண்டு கேக்கும்.”

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் பெரியம்மா உட்பட எங்கள் ஒழுங்கை முழுக்க அம்மாவுக்கு இருதய வருத்தம். ஒரு மாமி கோயிலில் அர்ச்சனையும் செய்வித்தா.

மருந்து மெதுவாகத்தான் வேலை செய்தது. முதல் இரண்டு மாதம் அடிக்கடி மூத்திரம் போனதும், எழும்பும்போது தலை சுற்றினதும்தான் மிச்சம். அம்மா விடப் பார்த்தா. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் 2023 இல் வந்த ஓர் ஆய்வை நான் தேடிப் பிடித்து வாசித்துக் காட்டினேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களுக்குப் பாதிப் பாதியாக இந்த மருந்தையும் வெறுங்குளிசையையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 12 கிழமையில் இருந்த வித்தியாசத்தைவிட 24 கிழமையில் கூடுதலான வித்தியாசம் தெரிந்திருக்கிறது. “அப்ப இன்னும் மூண்டு மாசமோ?” என்றுவிட்டுச் சுவர்க் கலண்டரில் ஒரு புள்ளி போட்டா.

ஐந்தாம் மாதம் புதிதாக ஒன்றும் வரவில்லை. பழைய கறுப்பு அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன. எங்கள் நிறத்துத் தோலில் அவை மங்க நிறைய நாள் எடுக்கும் என்று டொக்டர் சொன்னா. அம்மாவுக்கு அதில் பெரிய கவலை இல்லை. ஒரு நாள் வலப்பக்கம் சரிந்து படுத்தபடி, “இந்தப் பக்கம் படுத்து ரெண்டு வருசம்” என்றா. நோவு என்று அவ எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா. நாங்கள்தான் அதை அழகு என்று கேட்டிருக்கிறோம்.

போன மாதம் பெரியம்மா வந்து, இருதயம் எப்படி என்று விசாரித்தா. அம்மா மாப்பிசைந்துகொண்டே, “இருதயம் நல்லாத்தான் இருக்கு அக்கா. அது முகப்பருவுக்கு எடுத்த குளிசை” என்றா. பெரியம்மா என்னைப் பார்த்தா. நான் தேத்தண்ணி ஊத்தப் போனேன்.

அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. எனக்கு அன்று எக்ஸாம். வேறு நாள் கேட்டுப் பார்ப்போமா என்றேன். “வேண்டாம், நான் தனியப் போயிட்டு வாறன்” என்றா அம்மா. “ரெண்டு கொப்பியையும் கொண்டு போறன். அந்தக் கேள்வியைக் கேட்டா என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரியும்தானே. நீதான் முழிப்பாய்.”